பாறை இடுக்கிலிருந்து வரும் புழு: மெரைன் டேங்க் வைக்கும் பிள்ளைகளுக்கு

மெரைன் டேங்க் வைத்த சில மாதங்களில் மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தப் புழுவைப் பற்றித்தான். "சார், ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பாறைக்குள்ள இருந்து பூரான் மாதிரி ஒண்ணு வருது. மொத்த ராக்கையும் வெளியே எடுத்துடட்டுமா?" வேண்டாம். எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

1. நீங்கள் பார்த்தது பிரிஸில் வார்ம். உடம்பின் இரு பக்கமும் கொத்துக் கொத்தாகச் சுணை இருக்கும். இந்தப் பெரிய குடும்பத்தில் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தொட்டிக்குள் வருபவற்றில் பெரும்பாலானவை மீன் மிச்சம் வைத்த தீனியையும், கழிவையும், அழுகும் பாசியையும் தின்று வாழ்பவை. உங்கள் கையும் சைஃபன் குழாயும் போகாத இடுக்குகளில் அவை வேலை செய்கின்றன. அவை தின்னாத மிச்சம் அங்கேயே அழுகி அம்மோனியாவாகும்.

2. காலையில் செத்த மீனின் மேல் புழு மொய்த்திருந்தால், புழுதான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள். அநேகமாக மீன் இரவே செத்திருக்கும், வாடைக்குப் புழு வந்திருக்கும். உடனே அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் செய்யுங்கள். உப்பின் அடர்த்தி 1.025-க்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு வற்றாது. அந்த இழப்பை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே ஈடுகட்ட வேண்டும். இதைக் கவனிக்காததால் செத்த மீன்களுக்கெல்லாம் புழு பழி சுமந்திருக்கிறது.

3. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பத்துப் புழு நூறாகிறது என்றால், நூறு புழுவுக்கான சாப்பாட்டை நீங்கள்தான் போடுகிறீர்கள். தி. நகர் வீடுகளில் நான் கண்டது: அப்பா காலையில் போடுவார், பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை போடும், பாட்டி தூங்கப் போகுமுன் ஒரு சிட்டிகை போடுவார். மூவருக்கும் மீன் மேல் ஆசை, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. தீனி போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். உறைந்த இறாலை உருக்கி வடிகட்டிப் போடுங்கள், அந்தச் சாற்றைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுங்கள். சில வாரங்களில் புழுக்கள் தாமாகக் குறையும். இதைச் செய்யாமல் எத்தனை புழுவைப் பிடித்தாலும் அந்த இடத்தில் வேறு புழு வளரும்.

4. ஆனாலும் எல்லாப் புழுவும் ஒன்றல்ல. மெலிந்த, இளஞ்சிவப்போ பழுப்போ ஆன, வெள்ளைச் சுணை கொண்ட சிறு புழுவை விட்டுவிடலாம். தடித்து, சுணைக்கொத்தின் அடியில் சிவந்த செவுள் தெரிந்தால் அது ஃபயர் வார்ம் வகை. பவளத்தைக் கடிக்கும் இனங்கள் அதில் உண்டு, வெளியேற்றுங்கள். தலையில் ஐந்து உணர்கொம்பும், வானவில் மினுமினுப்பும், வலுவான தாடையும் இருந்தால் அது யூனிசிட் வகை. பெரிதாக வளர்ந்தால் அது மீனையே பிடிக்கும்.

இதற்குமேல் துல்லியமாக இனம் சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும், சுணையின் வடிவத்தை வைத்துத்தான் அறிஞர்களே பிரிக்கிறார்கள். பியர் ஃபோவெல் என்ற பிரெஞ்சு அறிஞர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்திருந்த இந்தப் புழுக்களை ஆராய்ந்து எழுதியதை அருங்காட்சியகம் 1930-ல் வெளியிட்டது. நம் ஊரில் இந்தப் படிப்புக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இன்றும் சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

5. வெறுங்கையால் பாறையைத் தூக்காதீர்கள். சுணை தோலில் ஏறினால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உடைந்து உள்ளே தங்கும். செல்லோடேப்பை ஒட்டி உரித்து எடுத்துவிட்டு, வினிகர் தடவுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு இறுக்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

6. வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பொறி வையுங்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் புழு மட்டும் நுழையும் அளவு துளை போட்டு, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்து, விளக்கை அணைத்தபின் மணலில் பாதி புதையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், விடியும்வரை விட்டால் தின்றுவிட்டுப் போய்விடும். நீண்ட இடுக்கியால் பிடிப்பவர்கள் அறுந்துபோகாமல் பிடியுங்கள், அறுந்த துண்டு மீண்டும் வளரும் இனங்கள் உண்டு.

7. மருந்து ஊற்றாதீர்கள். காப்பர் கலந்தது இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொல்லும். பாறைக்குள் புழுக்கள் ஒரே இரவில் செத்தால் அத்தனையும் அங்கேயே அழுகும், மறுநாள் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும்.

8. புழு தின்னட்டும் என்று சிக்ஸ்லைன் ராஸ் வாங்கச் சொல்வார்கள். தின்னும். சின்னத் தொட்டியில் மற்ற மீன்களை விரட்டிக்கொண்டும் இருக்கும்.

9. இனி புழு வரும் வழி. பெரும்பாலும் அது லைவ் ராக்கோடுதான் வருகிறது. "ராமேஸ்வரம் சரக்கு" என்று யாராவது பவளப்பாறைத் துண்டைக் காட்டினால், கைகூப்பி வெளியே வந்துவிடுங்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் இன்று கடலுக்கடியில். சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டியதற்கு அதில் பெரும் பங்குண்டு. நம் வீட்டு அழகுக்காக அந்தக் கடலிலிருந்து இன்னொரு கல் வர வேண்டாம். செராமிக் பாறையை வாங்கி, பாக்டீரியா வளரப் பொறுமையாகக் காத்திருங்கள்.

10. கார்த்திகை, மார்கழியில் புயலுக்குத் தயாராக இருங்கள். 2016-ல் வர்தா வந்தபோது ஊரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. காற்றோட்டம் நின்றால் புழுக்கள் இடுக்கை விட்டுக் கண்ணாடிமேல் ஏறும். அது ஆக்ஸிஜன் குறைகிறது என்பதற்கு அடையாளம். அப்போது புழுவைப் பிடிக்காமல் பேட்டரி ஏர் பம்ப்பைப் போடுங்கள்.

11. தொட்டியைக் கலைக்கும்போது பாறையையும் புழுவையும் பட்டினப்பாக்கம் கடலிலோ அடையாறு முகத்துவாரத்திலோ கொட்டாதீர்கள். இறக்குமதிச் சரக்கில் எந்தக் கடலின் உயிர் ஒட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. முகத்துவாரச் சேற்றில் நம் மண்ணின் புழுக்கள் வாழ்கின்றன, உள்ளான்கள் அவற்றைத் தேடித் தின்கின்றன. பாறையை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மொட்டைமாடியில் சில வாரம் காயவையுங்கள். காய்ந்த கல்லை அடுத்த தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.