சாயமில்லா நீலம்

துணிக்கு நிறம் வேண்டின் சாயத்தை நாடுகின்றோம். சுவருக்கு வேண்டின் பூச்சை நாடுகின்றோம். ஆகவே பூச்சியினத்தின் நிறங்களும் ஏதோ ஒரு நிறப்பொருளால் ஆயவை என்று எண்ணுதல் இயல்பே. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மோர்போ என்னும் வண்ணத்துப்பூச்சி அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. அதன் நீலச் சிறகின்மீது ஒரு துளி அற்ககோலை இட்டால் நீலம் பச்சையாகும். துளி ஆவியானதும் நீலம் மீளும். சாயமாயின் இவ்வாறு மாறி மீளுமோ?

மயிற்பீலியின் நிறம் மென்படலங்களின் நிறத்தை ஒத்ததென்பதை நியூற்றன் 1704 இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே கூறினார். சவர்க்காரக் குமிழியில் நாம் காணும் வண்ணமும் இவ்வகையினதே. மோர்போவின் செதிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கின், வயல் வரம்புகள் போல நெடுக ஓடும் வரம்புகள் தெரியும். ஒவ்வொரு வரம்பின் இருமருங்கிலும் கைற்றின் தட்டுகள் ஒன்றன்மேலொன்றாய் நிற்கும், இடையே காற்று. தட்டுக்குத் தட்டு இடைத்தூரம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 5000 இல் ஒரு பங்கு. தட்டுதோறும் தெறிக்கும் ஒளியலைகளுள் நீல அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், ஏனையவை மெலியும். எஞ்சியதைக் கீழுள்ள மெலனின் உறிஞ்சிக்கொள்ளும். காற்றின் இடத்தை அற்ககோல் நிரப்பும்போது ஒளிக்குரிய பாதை நீளுகின்றது. அதனாலேயே நெடிய அலையாகிய பச்சை தோன்றுகின்றது.

பொன்வண்டைக் கையிற் பிடித்துச் சரித்துப் பார்த்தவர் அதன் நிறம் மாறுவதை அறிவர். அதன் படலங்கள் ஒழுங்காய்ப் படிந்தவை. மோர்போவிலோ தட்டுகள் ஒடுங்கியவை, வரம்புகளின் உயரங்களும் ஒன்றுபோல் அமையா. ஆதலின் பல திசைகளிலும் நீலமே தெரிகின்றது. ஒழுங்கினுள் பொதிந்த இவ்வொழுங்கின்மையே எமக்குப் பெருவியப்புத் தருவது.

சாயத் தொழிலின் கழிவுநீர் ஆறுகளைக் கெடுப்பதை அறிந்தோர்க்கு இவ்வமைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும். யப்பானின் தெய்ஜின் நிறுவனம் நைலோனையும் பொலியெஸ்ரரையும் மாறிமாறி 61 படலங்களாக அடுக்கி, சாயமின்றியே நிறங்காட்டும் மோர்போதெக்ஸ் என்னும் இழையை ஆக்கியது. எனினும் அதன் உற்பத்தி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பொருள் மலிவு, அடுக்குதலே அரிது. பூச்சியோ கூட்டுப்புழுப் பருவத்திலேயே அதனைச் செய்து முடிக்கின்றது.

அற்ககோற் சோதனையின் வழியிலேயே இன்னொரு பயனும் பிறந்தது. செதிலிற் படியும் ஆவி எதுவோ அதற்கேற்ப ஒளித்தெறிப்பு வேறுபடுமென 2007 இல் அமெரிக்க ஜெனரல் எலக்ரிக் நிறுவன ஆய்வாளர் காட்டினர். ஆவிகளை இனங்காணும் கருவிகளை இவ்வமைப்பைப் பின்பற்றி ஆக்கும் முயற்சி அதன் பின்னும் தொடர்ந்தது.