கனடாவிலிருந்து ஃப்ளோரிடாவில் வீடு வாங்குகிறீர்களா?

டொராண்டோவில் இருந்துகொண்டு ஃப்ளோரிடாவில் வாடகைக்கு விட வீடு வாங்குபவர்கள், விலை பேசும் முன்பே யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் வரியும் பதிவுச் செலவும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் சொல்வது எல்எல்சி (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி). அவர்களுக்கு அது சரி. கனடாவில் வசிப்பவருக்கு வேண்டாம். எல்எல்சியின் லாபத்தை அமெரிக்க வரித்துறை பொதுவாக உரிமையாளரின் வருமானமாகவே பார்த்து அவரிடம் வரி வாங்கும். கனடா வருவாய்த்துறையோ அதைத் தனி நிறுவனமாகக் கருதுகிறது. நீங்கள் எடுக்கும் லாபம் இங்கே ஈவுத்தொகை. அங்கே கட்டிய வரியை இங்கே முழுதாகக் கழிக்க முடியாமல், ஒரே வாடகைக்கு இருமுறை வரி கட்ட நேரும். ஃப்ளோரிடா, டெலவேர் எல்எல்பிகளையும் (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) 2016இல் கனடா வருவாய்த்துறை இதே கணக்கில் சேர்த்துவிட்டது.

ஒரே வீடுதான் என்றால் சொந்தப் பெயரில் வாங்கி, கணிசமான தொகைக்குப் பொறுப்புக் காப்பீடு எடுப்பதே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கருத்து. பல வீடுகள், கூட்டாளிகள் என்றால் லிமிடெட் பார்ட்னர்ஷிப் பற்றி விசாரியுங்கள்.

விற்கும்போது அமெரிக்க வரிக்காகப் பொதுவாக விலையில் 15 சதவீதம் பிடித்துவைப்பார்கள்; அங்கே கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்பும். வாடகை வீட்டின் அடக்கவிலை 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் இங்கே டி1135 என்ற வெளிநாட்டுச் சொத்துப் படிவம் கட்டாயம்.

இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரையே பிடியுங்கள். அவர் எல்எல்சி தொடங்கச் சொன்னால், கனடாவில் அதற்கு எப்படி வரி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.