உயரம் குன்றிய குழந்தை: முதல் ஐந்து ஆண்டுகளின் வளர்ப்பு முறை

கைகால் எலும்புகள் நீளமாக வளராமையால் உயரம் குன்றும் பிறவி நிலைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அகோண்ட்ரோபிளேசியா ஆகும். எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளமாக இயங்கும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் மரபணுவில் நேரும் மாற்றமே இதற்குக் காரணம். இக்குழந்தைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இயல்பான உயரமுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆதலால், கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள் என்றோ, கருவுற்ற காலத்தில் அவள் சரியாக உண்ணவில்லை என்றோ சொல்வதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. இந்தப் பழியைத் தாயின்மீதிருந்து இறக்கிவைப்பதே குடும்பத்தார் முதலில் செய்ய வேண்டிய பணி.

அடுத்தது, எக்ஸ்ரே, மரபணுச் சோதனை ஆகியவற்றால் நிலையை உறுதிசெய்துகொள்வது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் வாழ்வோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம். ஆனால் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருசக்கர வாகனத்தில் அவ்வளவு தூரம் வருவது தவிர்க்கப்பட வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் மண்டையோட்டின் அடித்துளை இக்குழந்தைகளுக்குக் குறுகலாக இருப்பதால், பெரிய தலை முன்னும் பின்னும் ஆடும்போது தண்டுவடம் நசுங்கக்கூடும். அரிதாக, உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுவதும் உண்டு. எனவே முதல் ஆண்டில் மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் தலைச்சுற்றளவை அளந்து, இந்நிலைக்கென வகுக்கப்பட்ட வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடச் செய்வதுடன், எம்.ஆர்.ஐ. படமும் உறக்கச் சோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். உறக்கத்தில் மூச்சு இடையிடையே நிற்பது, உடல் துவண்டுபோவது, உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்கையில் அடிக்கடி புரையேறுவது ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காத்திருத்தல் கூடாது.

வீட்டு வளர்ப்பில் மிகுந்த கவனம் வேண்டுவது முதுகும் கழுத்துமே. மதுரை வட்டாரத்தில் பாட்டிமார் குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் பாசம் நிறைந்தது. அதை விட்டுவிட வேண்டியதில்லை. எனினும், தலையை அழுத்திப் பிடித்துவிடுவது, கைகால்களை இழுத்து நீவுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது ஆகிய மூன்றையும் அறவே நிறுத்தி, ஒரு கை எப்போதும் பிடரியையும் தலையையும் தாங்கியிருக்குமாறு குளிப்பாட்ட வேண்டும். சேலைத் தொட்டில் முதுகை வளைத்து, மோவாயை மார்போடு ஒட்டவைத்து, மூச்சுப் பாதையை ஒடுக்குவதால், இக்குழந்தைகளுக்குத் தரையில் விரித்த கெட்டியான பாயோ மெத்தையோதான் ஏற்றது. மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் ஆறாம் மாதத்தில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைக்கும் பழக்கமும் இங்கே தீங்காக முடியும். தசை வலுப்பெறும் முன்னரே நிமிர்த்தி உட்காரவைத்தால், பெரிய தலையின் பாரத்தால் நடுமுதுகு கூன்போட்டு, அந்தக் கூனல் நிலைத்துவிட இடமுண்டு. சோறூட்டும்போது முதுகு முழுவதையும் தாங்கிச் சற்றுச் சாய்ந்த நிலையில் வைத்திருப்பதும், விழித்திருக்கும் வேளைகளில் கண்காணிப்போடு குப்புறப் படுத்து விளையாடவிடுவதும், உள்ளே உட்காரவைக்கும் வாக்கரை வாங்காமலிருப்பதும் இதற்கான தற்காப்பு. தானாக உட்காருவது ஓராண்டைத் தாண்டலாம். நடப்பது இரண்டாம் வயதுவரை தள்ளிப்போகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அவசரப்படுத்துவதால் முதுகுதான் கெடும்.

நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது இவர்களிடம் மிகுதியாதலால், ஒரு வயதையொட்டிச் செவிச் சோதனை செய்துகொள்வது நல்லது. பேச்சுத் தாமதத்துக்குப் பெரும்பாலும் செவியே காரணமாக இருக்கும். உயரமாக்குவதாக விளம்பரம் செய்யப்படும் பொடிகளும் டானிக்குகளும் பயனற்றவை. 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற வோசோரிடைடு என்னும் அன்றாட ஊசிமருந்தைப் பற்றி மரபியல் மருத்துவரிடம் மட்டுமே ஆலோசிக்க வேண்டும்.

மூன்று வயதுக்குப் பின் வீட்டை மாற்றியமைத்தல் வேண்டும். குழாயடியிலும் கழிப்பறையிலும் உறுதியான படிமணை, உட்காரும்போது கால் தொங்காதிருக்கப் பாதம் ஊன்றும் பலகை, கைக்கெட்டும் உயரத்தில் உடை மாட்டும் கொக்கி ஆகியவை தச்சரிடம் சொல்லி எளிதில் செய்துகொள்ளத்தக்கவை. குட்டிக்கரணமும் உயரத்திலிருந்து குதித்தலும் ஆகா. நீச்சலும் இறகுப்பந்தும் ஏற்றவை. 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்துப் போட்டியில், உயரம் குன்றியோருக்கான பிரிவில் வெண்கலம் வென்ற நித்யஸ்ரீ சிவன் ஓசூரைச் சேர்ந்தவர் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. நான்கு வயதுப் பிள்ளையை இரண்டு வயதாக எண்ணித் தூக்கிக்கொஞ்சும் உறவினர்களிடம் அதன் வயதைச் சொல்லி, வயதுக்குரிய பேச்சையும் பொறுப்பையும் கொடுக்கச் செய்வதும், பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை வீட்டுக்குள்ளேயே தடுப்பதும் பெற்றோர் கடமை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வளர்ந்த பின்னும் 147 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தை விளைவிக்கும் இந்நிலையை 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது எனச் சான்றளிக்கப்பட்டால், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியும், பின்னர் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கோரும் உரிமையும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைப் பள்ளிச் சேர்க்கை வரை தள்ளிப்போடாமல், நிலை உறுதியான உடனேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழிகாட்டுதலோடு பெற்றோர் அளித்துவிட வேண்டும்.