கச்சான் காலத்தில் எந்தக் கடலில் இறங்குவது?

போன ஜூலையில் நாங்க நாலு பேர் ராமேஸ்வரம் போனோம். திட்டம் ரொம்ப சிம்பிள். வயிறு நிறைய மீன், ஒரு நாள் ஸ்நார்கெலிங், ஒரு நாள் கயாக். மீன் கிடைச்சது. ஸ்நார்கெலிங் நடக்கல. கயாக் நடந்தது, ஆனா அதுல நாங்க பண்ணின தப்பு முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற அளவு எளிமையான தப்பு. அதனாலதான் இதைப் பயணக் கட்டுரையா இல்லாம பாடமா எழுதறேன்.

முதல்ல ஊரோட அமைப்பு. ராமேஸ்வரம் ஒரு தீவு. அதன் தென்கிழக்கு முனை தனுஷ்கோடி வழியா அரிச்சல்முனை வரைக்கும் நீளமா ஒரு மணல் நாக்கு மாதிரி நீண்டிருக்கும். 2017-ல் திறந்த ரோட்டில் அரிச்சல்முனை நோக்கிப் போனா இடது பக்கம் பாக் நீரிணைக் கடல், வலது பக்கம் மன்னார் வளைகுடா. சில இடங்களில் ரெண்டும் ஒரே பார்வையில் தெரியும். நாங்க போன அன்னிக்கு வலது பக்கம் அலை மண்ணை வாரி அடிச்சிட்டிருந்தது. இடது பக்கம் குளம் மாதிரி கிடந்தது. நடுவில் ரோடு மட்டும்தான். ஒரே நாள், ஒரே வெயில், ஒரே காற்று. அப்புறம் ஏன் இப்படி?

பதில் சொன்னது ரோட்டோரத்தில் மீன் வறுத்துக் கொடுத்த அக்கா. "இது கச்சான் காலம் தம்பி. தெக்குக் கடல் இப்பிடித்தான் கெடக்கும். வாடை வந்தா இது அடங்கும், அது எந்திரிக்கும்."

வடக்கிலிருந்து வந்தா வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் நாம தென்மேற்குப் பருவக்காற்று என்று படிக்கிறதைத்தான் அங்கே கச்சான் என்கிறாங்க. பேர் வைக்கிற முறையைக் கவனிங்க: காற்று எங்கிருந்து வருதோ அதுதான் பேர். வானிலை ஆப்பில் 'எஸ்டபிள்யூ' என்று போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான், தென்மேற்கிலிருந்து வருது. நம்ம டிபார்ட்மென்டில் பாதிப் பேர் இதைத் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க, நானும் சேர்த்து. வெக்டார் படிச்சுப் படிச்சு அம்புக்குறி போகிற திசைதான் பேர் என்று பழகிட்டோம்.

இப்போ அலை. காற்றால் எழும் அலையின் உயரம் மூணு விஷயத்தைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது அடிக்கிற நேரம், தடையில்லாமல் தண்ணீர் மேல் ஓடுகிற தூரம். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்குது. தென்மேற்குக் காற்றுக்கு அங்கே ஓட எவ்வளவு தூரம் வேணும்னாலும் உண்டு. அதே காற்று தீவைத் தாண்டி வடக்குக் கரைக்கு வரும்போது அதன் ஓட்ட தூரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குது. கரையோரத்தில் அலை எழவே இடமில்லை. வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். பாக் நீரிணை ஆழம் குறைவு, தூரமும் குறைவு, அதனால் அங்கே எழுவது உயரமான அலையைவிடக் குட்டை குட்டையா, நெருக்கமா வர்ற அலை. மீனவர்கள் இதைக் கணக்கு போட்டுப் பார்க்கல. சீசனுக்கு ஏத்த மாதிரி வள்ளத்தைத் தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைக்கும், திரும்ப அங்கிருந்து இங்கேயும் மாத்திக் கட்டுறாங்க.

நாங்க ஸ்நார்கெலிங்குக்கு முன்பணம் கட்டியிருந்தது தெற்குப் பக்கம், பவளப்பாறை பார்க்க. காலையில் போனா "இன்னிக்குக் கிடையாது" என்று சொல்லிட்டாங்க. ஜூலையில் அந்தப் பக்கம் இறங்க முடியாதுன்னா புக்கிங் ஏன் எடுத்தீங்கன்னு சண்டை போட்டோம். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. அது இன்னும் எரிச்சல்தான். ஆனா அன்னிக்கு இறக்காதது சரி.

அடுத்த நாள் வடக்குப் பக்கம் கயாக். தண்ணீர் கண்ணாடி. வாடகைக்குக் கொடுத்தவர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "கரையை ஒட்டியே போங்க." இவ்வளவு அமைதியான கடலில் எதுக்குக் கரையை ஒட்டணும்? ரெண்டு ரெண்டு பேரா ஏறி நேரா உள்ளே விட்டோம். துடுப்பு போடாமலே போகுது. "மச்சி, நம்ம ஃபார்ம் செம"ன்னு என் ரூம்மேட் சொன்னான். பத்து நிமிஷத்தில் கரையில் நிக்கிற ஆள் புள்ளியா தெரிஞ்சார். திருப்பினோம். அரை மணி நேரம் போட்டும் புள்ளி பெரிசாகல.

காரணம் இதுதான். வடக்குக் கரை அமைதியா இருந்ததே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிச்சதால்தான். அலை எழாதது எதனாலயோ, அதனாலதான் நாங்க வெளியே தள்ளப்பட்டோம். முகத்தில் காற்று படும் கடலில் பயம் கண்ணுக்குத் தெரியும், அலை கரையை நோக்கித் தள்ளும். முதுகில் காற்று படும் கடலில் எதுவுமே தெரியாது.

எவ்வளவு விசை என்று பிறகு ரூமில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இழுவிசை = ½ × அடர்த்தி × இழுவைக் கெழு × பரப்பு × வேகத்தின் வர்க்கம். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ. மணிக்கு 25 கிமீ காற்று என்றால் நொடிக்கு சுமார் 7 மீட்டர். ரெண்டு பேரும் கயாக்கும் சேர்ந்து காற்றுக்குக் காட்டுற பரப்பு 1 சதுர மீட்டர், கெழு 1 என்று தோராயமா வைங்க. வருவது 29 நியூட்டன். மூணு கிலோ எடையைக் கிணத்தில் தொங்கவிட்டா கயிறு எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு. இது ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு, பழக்கமில்லாத தோளுக்கு, அதுதான் எல்லாமே. அதோட வேகம் வர்க்கத்தில் வருது. மதியத்துக்கு மேல் காற்று 25-லிருந்து 50 ஆனா விசை நாலு மடங்கு, 118 நியூட்டன். அப்போ திரும்பவே முடியாது.

கடைசியில் ஒரு ஃபைபர் வள்ளம் எங்களைப் பார்த்துத் திரும்பிச்சு. கயிறு போட்டார் ஒரு பெரியவர். திட்டல. "காத்து கரையிலேர்ந்துல்ல அடிக்குது, தம்பிகளா. போம்போது நோகாம போவும்" என்றார். போகும்போதே கஷ்டமா இருக்கிற திசையில் முதல்ல போ, திரும்பும்போது காற்று தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும். அவர் கரைக்கு வர்ற வழியில் சொன்ன இதை இப்போ நான் சைக்கிள் ஓட்டும்போதுகூடப் பார்க்கிறேன்.

காற்றை மட்டும் பார்த்தா போதுமா என்றால், இல்லை. உள்ளூரில் இலைகூட அசையாத நாளிலும் பெரிய அலை வரும். கேரளக் கரையில் இதுக்குக் கள்ளக்கடல் என்று பேர், இப்போ விஞ்ஞானிகளும் அதே பேரைத்தான் பயன்படுத்துறாங்க. தெற்கே வெகு தூரத்தில், அண்டார்டிகா பக்கத்துப் புயல்களில் கிளம்புற நீண்ட அலை. ஆழ்கடலில் அலைக் கூட்டத்தின் வேகம் நொடிக்கு 0.78 × அலைக்காலம். 18 நொடி அலை என்றால் நொடிக்கு 14 மீட்டர், மணிக்கு 50 கிமீ, நம்ம டவுன் பஸ்ஸைவிட வேகம். 7000 கிமீ வர ஆறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. அதனாலதான் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்க முடியுது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தாங்க. அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. நம்ம வயசுதான். அவங்க முட்டாள்கள் இல்லை. நாங்களும் அந்தக் கயாக்கில் ஏறும்போது எந்த எச்சரிக்கையையும் தேடிப் பார்க்கல.

கிளம்பும் முன் இன்காய்ஸ் இணையதளத்தில் உங்க மாவட்டத்தைப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. போனில் 1554 என்ற கடலோரக் காவல் படை எண்ணைச் சேமிச்சு வைங்க. அரிச்சல்முனையில் மட்டும் எந்தக் காற்றிலும் குளிக்க இறங்காதீங்க. ரெண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுது, கால் வைக்கிற மணலே நகருது.

இனி மீன். அதுவும் காலண்டர் பார்த்துதான் போகணும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போ நாட்டுப்படகு மீன்தான், வரத்து குறைவு, விலை ஏறும். மத்த மாதங்களிலும் ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் 3 நாள்தான் போகும், மீதி நாட்டுப்படகுக்கு. படகு போன மறுநாள் விடியக்காலை போனாதான் கரையில் கூட்டம். அதனால ரூம் புக் பண்ணும்போதே "என்னிக்குப் போட்டு வரும்?"னு கேட்டுக்கங்க.

பேர் குழப்பம் தனி. சென்னை மார்க்கெட்டில் சீலா என்றால் நீள மூக்கும் பல்லுமா இருக்கிற மீன். தென் மாவட்டங்களில் பல இடத்தில் சீலா என்று கேட்டா வஞ்சிரத்தைக் காட்டுவாங்க. பேரைவிட செவுளைத் தூக்கிப் பார்க்கிறது நல்லது. சிவப்பா இருக்கணும், கண் குழி விழாம இருக்கணும், விரலால் அமுக்கினா பள்ளம் உடனே எழும்பணும். சூரை, காணாங்கெளுத்தி வாங்கும்போது ஐஸ் இருக்கான்னு கட்டாயம் பாருங்க. வெயிலில் கிடந்தா பாக்டீரியா அந்த மீன்களில் ஹிஸ்டமின் உண்டாக்கும், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலிச்சு, மீன் அலர்ஜின்னு நினைச்சுப்போம்.

கயாக்கிலிருந்து இறங்கின அன்னிக்கு மதியம் அதே அக்கா கடையில் நெத்திலி வறுவலும் கணவாயும் சாப்பிட்டோம். கை நடுங்கினதில் ரசம் பாதி இலைக்கு வெளியே. அடுத்த ஜனவரியில் மறுபடி போறோம், பவளப்பாறை பார்க்க. அப்போ வாடைக் காற்று. எங்களோட வர்றவங்க மேலே எழுதினதில் வடக்கையும் தெற்கையும் இடம் மாத்திப் படிச்சுக்கங்க.