கண்ணளவும் கரண்டியளவும்

அப்பாவுக்கு இனிப்பு நீர். "நீயும் அதே வழியிலதான் போற, எடையைக் குறை" என்று டாக்டர் என்னிடம் சொன்ன அன்று ஒரு நோட்டு வாங்கினேன். சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதினேன். சோறுதான் காரணம்னு நினைச்சிருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது.

கோழிப் பிரட்டலுக்கு அம்மா கண்ணளவில் ஊற்றும் எண்ணெயை அளந்து பார்த்தோம். ஆறு மேசைக்கரண்டி! ஒரு கரண்டிக்குச் சுமார் 120 கலோரி, மொத்தம் 720. நான்கு பேருக்குப் பிரித்தால் எண்ணெயில் மட்டுமே ஆளுக்கு 180. நல்லெண்ணெய் ஆனாலும் ஆலிவ் எண்ணெய் ஆனாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

நண்பர்களே, நாங்கள் மாற்றியது மூன்றே பழக்கம்:

1. எண்ணெய் இரண்டு கரண்டி மட்டும். ஆளுக்கு 60 கலோரி.

2. தே தாரேக்குக்குப் பதில் தே ஓ கோசோங்.

3. நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ': கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறி, பழம்.

வீட்டில் ஒரே சட்டிதான். எனக்குக் குறைத்த எண்ணெய் அப்பாவுக்கும் குறைந்தது. முதலில் முணுமுணுத்த அம்மா இப்போது தினமும் கேட்கிறார்: "இன்னிக்கு எழுதிட்டியா?"

நீங்களும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.