கொடுமணல் ஈமக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு

கொடுமணலுக்குப் போய்விட்டு, "அங்கே என்ன இருக்குது, வெறுங்கல்லுதான்" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். சுவரும் கோபுரமும் எதிர்பார்த்துப் போனால் அப்படித்தான் தோன்றும். இது ஈராயிரம் ஆண்டுக்கும் மூத்த இடுகாடு. பெயர்ப்பலகை வைத்த சமாதி ஒன்றுகூடக் கிடையாது.

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கி.மீ., நொய்யலின் வடகரையில் இருக்கிறது ஊர். ரயிலில் வருகிறவர்கள் ஊத்துக்குளியில் இறங்கலாம். மாசியில் போங்கள். அறுப்பு முடிந்து காடு வெறுமையாகக் கிடக்கும். கற்கள் கண்ணில் படும். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்வட்டங்கள் நிழலோடு எழுந்து நிற்கும், உச்சியில் எல்லாம் தட்டையாகிவிடும். நெருஞ்சிக்கும் வேலமுள்ளுக்கும் செருப்பு தாங்காது, ஷூ போடுங்கள்.

ஈமக்காட்டில் பெரும்பகுதி இன்றும் யாரோ ஒருவரின் கொறங்காடு. கிளுவை வேலியில் படல் சாத்தியிருந்தால் கேட்காமல் நுழையக்கூடாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "ஏனுங்க, பொதையலு தேடியா வந்தீங்கொ?" என்றார். இல்லை என்றதும் அவரே கூட வந்து, வெள்வேல மரத்தடியில் கிடந்த ஒரு பலகைக் கல்லைக் காட்டினார். பக்கத்தில் குனிந்து பார்த்தால் அதில் துளையின் பாதி விளிம்பு தெரிந்தது, தேய்த்து வழவழப்பாக்கியது. கற்பதுக்கையின் இடுதுளை. உள்ளே இறந்தவர், மேலே மூடுகல், சுற்றி உருண்டைக் கற்களின் வட்டம். இந்த அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டு நடந்தால், சும்மா கிடப்பதாக நினைத்த கல் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும்.

போகுமுன் கொஞ்சம் படித்துக்கொள்வது அவசியம். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் இங்கே பல பருவங்கள் அகழ்ந்தார். ஒரே ஒரு ஈமச்சின்னத்தில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இத்தனைக்கும் அந்தக் கல் கொங்கு மண்ணில் விளைவதல்ல, குஜராத் பக்கத்திலிருந்து வரவேண்டியது. குடியிருப்பு மேடு சுமார் 50 ஏக்கர், ஈமக்காடு சுமார் 100 ஏக்கர். உயிரோடு இருந்தவர்களைவிடச் செத்தவர்களுக்கு இரு மடங்கு இடம்! சென்ட் கணக்கில் மனை வாங்கும் நமக்கு இது விளங்காது.

தோண்டிய குழியைத் தேடி அலைய வேண்டாம். ஆய்வு முடிந்ததும் மண்ணிட்டு மூடிவிடுவதுதான் பொதுவான வழக்கம். மழைநீர் அரித்த ஓரங்களைப் பாருங்கள், கறுப்பு சிவப்பு ஓடுகள் தட்டுப்படும். தொட்டுப் பார்க்கலாம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். எங்கே கிடந்தது என்பதுதான் ஓட்டுக்கு மதிப்பு. பையில் போட்டுக் கோவைக்குக் கொண்டுவந்தால் அது வெறும் சில்லு. மூடுகல் மேல் ஏறி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், விரிசல் விட்ட பலகைகள் அவை.

கொங்கில் பாண்டுகுழி என்று சொல்லும் இடங்கள் இன்னும் பல உண்டு. உங்கள் காட்டில் ஏர் ஓட்டும்போது தாழியோ மணியோ கிடைத்தால் மறைக்காதீர்கள், விஏஓவிடம் சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.