ஆயில் குடிக்கும் பழைய என்ஜினில் கரி எடுப்பது எப்படி?

நன்றாக இறைத்துக்கொண்டிருந்த ஆயில் என்ஜின் சில ஆண்டுகளில் நீலப் புகை விடத் தொடங்குகிறது. காலையில் எவ்வளவு சுற்றினாலும் எளிதில் பிடிப்பதில்லை. பிடித்தாலும் இழுவை குறைந்து, தண்ணீர் பாதியாக விழுகிறது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டித் தருகிறார். ஒரு மாதம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மறுபடியும் பழைய கதைதான். கரி எடுப்பது அவசியம். ஆனால் ஆயில் உள்ளே புகும் வழியை அடைக்காமல் கரியை மட்டும் எடுத்தால் செலவுதான் மிச்சம்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இன்று பெரும்பாலான கிணறுகளில் மின் மோட்டார் வந்துவிட்டது. எனினும் மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், மின்தடைக்குத் துணையாக வைத்திருப்போரும் பழைய ஆயில் என்ஜினைக் கைவிடவில்லை. இவற்றுள் மெதுவேக என்ஜின்கள் பல, இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி 1930-களில் செய்த என்ஜினின் அமைப்பைப் பின்பற்றிக் குஜராத்தில் உள்ள ராஜ்கோட்டில் செய்யப்பட்டவை. கனத்த வார்ப்பு, முறையாகக் கவனித்தால் நெடுநாள் உழைக்கும்.

புகையின் நிறம்

கரும்புகை வந்தால் டீசல் முழுவதும் எரியவில்லை என்று பொருள். நாசில் கெட்டிருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சுமை அதிகமாக இருக்கலாம். வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் ஆவியாகப் போகிறது, அல்லது சிலிண்டருக்குள் நீர் இறங்குகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எரிந்த ஆயில்தான் பிஸ்டன் தலையிலும், வால்விலும், சைலன்சரிலும் கெட்டிக் கரியாகப் படிகிறது. ரிங்கின் பள்ளத்தில் கரி இறுகினால் ரிங் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது இன்னும் அதிக ஆயில் மேலே ஏறும். இன்னும் அதிகக் கரி சேரும்.

எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். 5 குதிரைத் திறன் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் செலவழிக்கும். பொதுவாக 100 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டர் ஆயில் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது 100 மணி நேர ஓட்டத்துக்கு 1 லிட்டர். இதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

முதலாவதாக, வெளியே ஆயில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில் மட்டம். அளவுக் கம்பியின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் நல்ல என்ஜினும் ஆயில் குடிக்கும். பிறகு கிராங்க் கேஸ் பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை மேலே தள்ளும். இந்த இரண்டையும் சரிசெய்ததோடு புகை நின்றுவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

நிற்கவில்லையானால் கம்ப்ரஷனைச் சோதிக்க வேண்டும். டீசலை அடைத்துவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். நல்ல என்ஜின் வில் போல எதிர்த்துப் பின்னுக்குத் தள்ளும். தேய்ந்த என்ஜின் வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போனால் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் மட்டும் விட்டு, நாசிலை மாட்டி, டீகம்ப்ரஷன் நெம்பை உயர்த்தியபடி சில சுற்றுகள் சுற்றுங்கள். நெம்பை இறக்கி மீண்டும் சோதியுங்கள். இப்போது எதிர்ப்பு கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடவில்லையானால் வால்வு அல்லது கேஸ்கட்டில் கசிவு. பின்னதற்கு ஹெட் வேலை போதும். முன்னதற்குப் பிஸ்டனை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

கரி எடுக்கும் முறை

1. என்ஜின் நன்றாக ஆறிய பின் நீரை வடித்து, ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சூட்டோடு கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

2. பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவாருங்கள். நீர்த் துளைகளிலும் புஷ்ராடு துளைகளிலும் துணி அடையுங்கள். பிஸ்டன் ஓரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவினால் உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும்.

3. கரியின் மேல் சிறிது மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊறவிட்டு, மரச் சுரண்டியால் அல்லது பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள். அலுமினியப் பிஸ்டன் மேல் ஸ்குரூ டிரைவரும் எமரித் தாளும் படக் கூடாது. கீறல் விழுந்த இடத்தில் கரி விரைவில் பிடிக்கும்.

4. பிஸ்டனைக் கழற்றாமல் கரி எடுக்கும்போது தலையின் நடுப்பகுதியை மட்டும் சுரண்டி, வெளி ஓரத்தில் ஒரு விரல் அகலக் கரி வளையத்தை அப்படியே விட்டுவிடுங்கள். தேய்ந்த என்ஜினில் அந்த வளையம் ஆயில் மேலே ஏறுவதைச் சற்றுத் தடுக்கும். எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்ததும் புகை கூடிவிடுவது இதனால்தான்.

5. பிஸ்டனை வெளியே எடுத்தால் உடைந்த பழைய ரிங் துண்டைக் கூராக்கி, பள்ளங்களையும் ஆயில் துளைகளையும் முழுவதும் சுத்தம் செய்யுங்கள். ஆயில் ரிங்கின் பின்னால் உள்ள துளை அடைந்திருந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை.

6. வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வையுங்கள். பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் கழுவுங்கள். சைலன்சரையும் மறவாமல் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

7. புதுக் கேஸ்கட் வைத்து, நட்டுகளை மூன்று தவணையாகக் குறுக்கு மறுக்காக முறுக்குங்கள். டேப்பட் இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள்.

புது ரிங் போடுமுன்

லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளிலும் அளக்கச் சொல்லுங்கள். லைனர் முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் வட்டமான புது ரிங் அதில் படியாது. லைனரின் மேல் விளிம்பில் தேயாத வரம்பு நின்றால் புது ரிங் அதில் மோதி உடையும். அத்தகைய என்ஜினுக்கு ரீபோர் அல்லது லைனர் மாற்றமே வழி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஊர்களில் லாரி, ரிக் தொழிலால் லேத் பட்டறைகளும் போரிங் பட்டறைகளும் மிகுதி. அளந்து காட்டிய பிறகே வேலைக்குச் சம்மதியுங்கள்.

புது ரிங்கைத் தேயாத பகுதியில் வைத்து முனை இடைவெளியைப் பாருங்கள். விட்டம் ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 தௌ என்பது பொது விதி. 80 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. வரும்.

செய்யக் கூடாதவை

ஓடும் என்ஜினின் காற்றுக் குழாயில் நீரோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கரியைக் கரைக்க முயலாதீர்கள். டீசல் என்ஜினில் பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு. நீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அலுமினியப் பிஸ்டனைக் காரச் சோடாவில் வேக வைக்காதீர்கள், உலோகமே கரைந்துபோகும். நாசில் பீச்சுவதைக் கை நீட்டிப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மிகத் தேய்ந்த என்ஜின், டீசலை அடைத்த பிறகும் தன் ஆயிலையே எரித்து வேகமெடுத்து ஓடுவதுண்டு. அப்போது டீகம்ப்ரஷன் நெம்பை உயர்த்துங்கள்; அல்லது காற்று வாயைப் பலகையால் அழுத்தி மூடுங்கள். கையாலோ துணியாலோ மூடக் கூடாது.

கரி மீண்டும் சேராதிருக்க

கிணற்றின் குளிர்ந்த நீர் முழு வேகத்தில் என்ஜினுக்குள் பாய்ந்தால் சிலிண்டர் சூடேறாது. டீசல் சரியாக எரியாது. லைனரும் விரைந்து தேயும். வெளிவரும் நீர் கை பொறுக்கும் அளவுக்கு நல்ல சூடாக இருக்கும்படி வால்வைக் குறையுங்கள். உப்புக் கிணறானால் நீர் அறையில் படியும் சுண்ணாம்பை ஆண்டுக்கொருமுறை எடுங்கள்.

சுமையின்றி நெடுநேரம் ஓட விடாதீர்கள். அடைத்த ஃபுட் வால்வும் ஒடுங்கிய குழாயும் சுமையைக் கூட்டிக் கரும்புகை தரும். 1978-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி அமைப்பும் டீசல் மிச்சத்துக்கு இவ்விரண்டையும் மாற்றச் சொல்லி வந்திருக்கிறது. லாரியிலிருந்து வடித்த பழைய ஆயில் மலிவு என்று ஊற்றாதீர்கள். அதில் கரியும் உலோகத் தூளும் முன்பே இருக்கின்றன.

என்ஜின் கொட்டகையில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். ஓடிய மணி, ஊற்றிய டீசல், ஊற்றிய ஆயில் மூன்றையும் எழுதுங்கள். கரி எடுத்த பின் 100 மணிக்கு எவ்வளவு ஆயில் போகிறது என்று அந்த நோட்டே சொல்லும். கணக்கு குறையவில்லையானால் ஆயில் புகும் வழி இன்னும் அடைபடவில்லை. பயிர் வாடும் மாசி, பங்குனிக்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நலம்.